இழுவை எங்கிருந்து வருகிறது?

ஆனி, ஆடி மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குச் சரக்கேற்றிப் போகும் லாரிகள் காவல்கிணறு தாண்டியதும் திணறத் தொடங்கும். சாலையில் அப்படியொன்றும் பெரிய ஏற்றம் கிடையாது. எதிர்க்காற்றுதான் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரின் தென்கோடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நெருக்கியடித்துப் புகுந்து, முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டுக் கிழக்கே பாய்கிறது. மேற்கு நோக்கிப் போகிற லாரி அதை முகத்தில் வாங்குகிறது.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் லாரிக்கு எதிரே 40 கி.மீ. வேகக் காற்று வீசினால், அதன் முகப்பு 100 கி.மீ. வேகக் காற்றைச் சந்திக்கிறது. எதிர்ப்பு விசை ஏறத்தாழ 2.8 மடங்கு. சுமார் 7 சதுர மீட்டர் முகப்புள்ள லாரிக்குக் காற்று ஓய்ந்த நாளில் 20 குதிரைத்திறன் இதற்குப் போதும் என்றால், இந்த எதிர்க்காற்றில் 55-க்கு மேல் வேண்டும். மொத்தமே 120, 130 குதிரைத்திறன் தருகிற பழைய இன்ஜினில் பாதிக்குச் சற்றுக் குறைவானது காற்றோடு மல்லுக்கட்டவே போய்விடுகிறது. மீதியில்தான் பாரத்தை இழுக்க வேண்டும்.

"வண்டி இழுக்க மாட்டேங்கு அண்ணாச்சி" என்று ஓட்டுநர் பட்டறையில் வந்து நிற்பது இப்படித்தான். உடனடி வைத்தியம் ஒன்று எல்லா ஊரிலும் உண்டு: டீசல் பம்பைக் கூட்டி வைப்பது. பம்பில் இருக்கும் ஒரு திருகைக் கொஞ்சம் திருப்பினால் ஒவ்வொரு பாய்ச்சலிலும் கூடுதல் டீசல் உள்ளே போகும். சற்று இழுவை கூடியதுபோலத் தெரியும். பின்னாலேயே கரும்புகை கிளம்பும். அந்தப் புகை என்பது எரியாமல் போன டீசலின் கரி. காசு கொடுத்து வாங்கிய எண்ணெய், பின்னால் வருகிற இருசக்கர வண்டிக்காரரின் நுரையீரலுக்குள் போகிறது. இந்த வைத்தியத்தை நான் வெறுக்கிறேன். அது ஏன் தவறு என்பதைச் சொல்ல ஒரு சின்னக் கணக்குப் போதும்.

நம் சாலைகளில் பல்லாண்டு ஓடிய டாடா 697 இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மி.மீ. விட்டம், அதன் எண்ணே அதுதான். பிஸ்டன் 128 மி.மீ. ஏறி இறங்கும். மொத்தக் கொள்ளளவு 5.675 லிட்டர். நான்கு வீச்சு இன்ஜின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடும்போது 1,200 முறை அந்த 5.675 லிட்டர் நிரம்ப வேண்டும். அதாவது 6,800 லிட்டர். பில்டர், குழாய், வால்வு இவற்றின் தடையைத் தாண்டி உண்மையில் உள்ளே போவது அதில் 85 விழுக்காடு என்று வைத்தால் 5,800 லிட்டர். நெல்லையின் 35 டிகிரி வெயிலில் அந்தக் காற்றின் எடை சுமார் 6.6 கிலோ.

ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய வேதியியல் கணக்குப்படி 14.5 கிலோ காற்று தேவை. ஆனால் சிலிண்டருக்குள் டீசலும் காற்றும் கலக்கக் கிடைப்பது ஒரு நொடியின் சில நூறில் ஒரு பங்கு நேரம். புகை இல்லாமல் எரிய வேண்டுமென்றால் 20 கிலோ காற்றாவது இருக்க வேண்டும். ஆகவே நிமிடத்துக்கு 6.6 கிலோ காற்றில் எரிக்க முடிந்த டீசல் 330 கிராம். அதிலுள்ள வெப்ப ஆற்றலில் நூற்றுக்கு 38, 39 பங்கு சக்கரத்தை நோக்கிப் போகும் வேலையாக மாறினால் வருவது 90 கிலோவாட். சுமார் 120 குதிரைத்திறன். காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ இல்லாத அந்தக் கால லாரி இன்ஜின்கள் ஏன் பெரும்பாலும் இந்த அளவிலேயே நின்றன என்பதற்கு இதுதான் விடை. டீசல் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். எரிக்கக் காற்று வேண்டுமே!

கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலைக்கு ஏறுகிற வண்டியில் இதே கணக்கைக் கண்கூடாகப் பார்க்கலாம். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்துவிடும். அதே சிலிண்டர், அதே பம்பு, ஆனால் உள்ளே போகிற காற்று பத்தில் ஒரு பங்கு குறைவு. கீழே புகையாமல் ஓடிய வண்டி மேலே வளைவுகளில் புகை தள்ளுவதற்குக் காரணம் வேறெதுவும் இல்லை.

இழுவை வேண்டுமென்றால் காற்றைத் திணிக்க வேண்டும். இந்த அறிவு தாமிரபரணிக் கரைக்குப் புதிதல்ல. சிவகளையில் கிடைத்த இரும்புப் பொருட்களின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிப் போகிறது என்று தமிழக அரசு 2025 சனவரியில் வெளியிட்ட ஆய்வறிக்கை சொல்கிறது. ஆதிச்சநல்லூர் தாழிகளிலும் இரும்புக் கருவிகள் ஏராளம். தாதுவிலிருந்து இரும்பைப் பிரிக்கத் தேவையான வெப்பத்தைச் சும்மா எரிகிற கரி தராது. துருத்தி வைத்து ஊத வேண்டும். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும், இன்று சூப்பர்சார்ஜர் என்று நாம் சொல்லும் கருவிக்கும் உலையோடு நேரடி உறவு இருக்கிறது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கம்பளி ஆலை வைத்திருந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவி, இரும்பு உலைகளுக்குக் காற்று ஊதத்தான் முதலில் பெயர் பெற்றது. இரண்டு சுழலிகள் ஒன்றையொன்று தொடாமல் உருண்டு காற்றை அள்ளித் தள்ளும் அதே ஊதுகருவியைப் பின்னால் இன்ஜின் மேல் ஏற்றினார்கள். 1938-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த இரண்டு வீச்சு டீசல் இன்ஜின்களில் அது இல்லாமல் இன்ஜினே ஓடாது, ஏனென்றால் அவை தாமாகக் காற்றை இழுக்கும் அமைப்புக் கொண்டவை அல்ல. அந்த லாரி இன்ஜின்களிலிருந்து கழற்றிய ஊதுகருவிகளைத்தான் அமெரிக்கப் பந்தயக் கார்க்காரர்கள் தங்கள் பெட்ரோல் இன்ஜின்களின் தலையில் மாட்டினார்கள்.

ஆனால் ஊதுகிற கதைக்கு முன் உலையின் கதையைப் பேச வேண்டும். ஓட்டை உலைக்குள் எவ்வளவு ஊதினாலும் வீண். தேய்ந்த இன்ஜினில் காற்றைத் திணிப்பது அதைவிட மோசம். அது இன்ஜினை உடைக்கும்.

97 மி.மீ. பிஸ்டனின் தலைப்பரப்பு 74 சதுர சென்டிமீட்டர். டர்போ இல்லாத இன்ஜினில் எரிதலின் உச்ச அழுத்தம் சுமார் 90 பார் என்றால், ஒவ்வொரு வெடிப்பிலும் அந்தப் பிஸ்டன் மேல் விழும் விசை ஏறத்தாழ 6.8 டன் எடைக்குச் சமம். காற்றைத் திணித்து உச்ச அழுத்தத்தை 140 பாருக்குக் கொண்டுபோனால் அது பத்தரை டன். இந்த அடியை வாங்குவது பிஸ்டன், பின், கான் ராடு, பேரிங், கிராங்க் என்ற வரிசை. எதிர்ப்பக்கம் ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் கேஸ்கெட்டும். நிமிடத்துக்கு 1,200 முறை, ஒவ்வொரு சிலிண்டரிலும். எந்தக் கண்ணி பலவீனமோ அது முதலில் போகும்.

இன்ஜின் தேய்ந்ததை ஓட்டுநருக்கு முதலில் சொல்வது பிரீதர் குழாய். ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் எரிவாயு அந்தக் குழாய் வழியே புஸ்புஸ்ஸென்று வரும். காலையில் ஸ்டார்ட் எடுக்காது, எடுத்தாலும் வெள்ளைப்புகை, ஓடும்போது ஆயில் குடிக்கும், நீலப்புகை வரும். இன்ஜினை இறக்கிப் பிரித்து, ஹெட்டைக் கழற்றிச் சிலிண்டரின் வாயில் விரல் வைத்துப் பார்த்தால் மேலேயிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு விளிம்பு தட்டும். மேல் ரிங் திரும்புகிற இடம் அது. அங்கே பிஸ்டன் ஒரு கணம் நிற்கிறது. நின்றால் எண்ணெய்ப் படலம் அறுந்துபோகும். அதே கணத்தில்தான் அழுத்தமும் வெப்பமும் உச்சம். ஆகவே சிலிண்டர் அடியில் தேய்வதைவிட மேலே அதிகம் தேய்கிறது. பக்கவாட்டிலும் ஒரே சீராகத் தேயாது. கான் ராடு சாய்ந்து தள்ளுகிற பக்கம் கூடுதலாகத் தேய்ந்து வட்டம் நீள்வட்டமாகிவிடும். நல்ல மெக்கானிக் விரலோடு நிற்கமாட்டார். போர் கேஜை இறக்கி மேல், நடு, கீழ் என மூன்று மட்டத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளப்பார்.

பட்டறைகளில் இந்த அளவுகளைத் 'தவ்' கணக்கில் சொல்வார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரை நாற்பதாகப் பிரித்தால் கிடைப்பது. கிராங்க்கைப் 'பத்து கிரைண்டிங்' போட்டிருக்கிறது என்றால் பத்துத் தவ், அதாவது கால் மில்லிமீட்டர் விட்டம் குறைத்திருக்கிறது என்று பொருள். அதற்கு ஏற்ற தடித்த பேரிங் போட வேண்டும். சிலிண்டரை ரீபோர் செய்தால் அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டன். போர் செய்ய இடமில்லாத அளவுக்குத் தேய்ந்திருந்தால் ஸ்லீவ் இறக்குவார்கள். லைனர் போட்ட இன்ஜின் என்றால் லைனரையே மாற்றிவிடலாம்.

ரீபோர் செய்த சிலிண்டரைக் கண்ணாடிபோல் பளபளவென்று விட்டுவிட்டால் வேலை கெட்டது. ஹோனிங் கல்லால் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் போட வேண்டும். அந்தக் கீறல்களில்தான் எண்ணெய் தங்கும். ஓடத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் கீறல்களின் கூர்முனைகள் ரிங்கோடு உரசிச் சமமாகும். பள்ளங்கள் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருக்கும். ரிங் படிவது என்று சொல்வது இதைத்தான். புது இன்ஜினைப் பல நாள் வெறுமனே ஐட்லிங்கில் விட்டுப் பழக்குகிறவர்கள் உண்டு. எரிதலின் அழுத்தம்தான் ரிங்கின் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது; பாரமே இல்லாமல் ஓட்டினால் ரிங் படியாது, சுவர் வழுக்கலாகிவிடும். மிதமான பாரத்தோடு, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுவதே சரி.

ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளி இன்னொரு நுட்பம். தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே இடம் விடுவதைப் போல, சூட்டில் நீள்வதற்கு இடம் வேண்டும். 97 மி.மீ. சிலிண்டருக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. பொதுவான அளவு. காற்றைத் திணிக்கப்போகிற இன்ஜினில் மேல் ரிங் இன்னும் சூடாகும். இடைவெளியைக் கூட்டாமல் விட்டால் இரு முனைகளும் முட்டி, ரிங் சிலிண்டரைக் கவ்விச் சுவரைக் கிழிக்கும்.

கிராங்க்கைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. பேரிங் அமரும் உருளைப் பகுதி பக்கச் சுவரோடு சேரும் மூலையில் ஒரு சிறு வளைவு இருக்கும். கிரைண்டிங் செய்பவர் கல்லின் முனையைச் சரியாகச் சீர்செய்யாமல் அந்த வளைவைக் கூர்மூலையாக்கிவிட்டால், பார்வைக்கு வேலை பிரமாதமாகத் தெரியும். ஆனால் முறுக்கும் வளைவும் மாறி மாறி வரும்போது தகைவு முழுவதும் அந்த மூலையில் குவியும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அங்கே பிறந்து, பல லட்சம் சுற்றுகளில் மெல்ல வளர்ந்து, ஒருநாள் நடுச்சாலையில் கிராங்க் இரண்டாகும். கிரைண்டிங்குக்கு முன்னும் பின்னும் காந்தத்தூள் சோதனை செய்தால் விரிசல் கோடாகத் தெரிந்துவிடும். அதற்கு ஆகும் செலவு ஒரு கிராங்க்கின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பழைய இன்ஜினில் திறன் கூட்டப்போகிறவர் தவிர்க்கக் கூடாத ஒரு சோதனை உண்டென்றால் அது இதுதான்.

இந்தப் பாகங்கள் இந்தியாவில் செய்யப்படத் தொடங்கிய வரலாற்றில் நம் ஆற்றங்கரைக்கு ஒரு பங்கு இருக்கிறது. அல்வா, நெல், கோயில் என்று நெல்லையைப் பாடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. கடனாநதிப் பாசனத்தில் இருக்கும் ஆழ்வார்க்குறிச்சியைச் சேர்ந்தவர் சா. அனந்தராமகிருஷ்ணன். சென்னையில் சிம்சன் நிறுவனத்தைத் தலைமையேற்று நடத்தி, அமால்கமேஷன்ஸ் குழுமத்தை வளர்த்தவர். அவர் காலத்தில்தான் 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியது. சென்னை செம்பியத்தில் பெர்க்கின்ஸ் பி-6 டீசல் இன்ஜின் உருவானது. 1961-இல் பைமெட்டல் பேரிங்ஸ் வந்தது. பிஸ்டன், ரிங், பேரிங் மூன்றும் ஒரு மனிதரின் முயற்சியில் சேர்ந்து அமைந்தன. அதுவரை கப்பலில் வந்து இறங்கக் காத்திருந்த உதிரிபாகங்கள் அவை. இன்னொருவர், மலையடிவாரத் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார். 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விட்டவர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது கரியிலிருந்து எரிவாயு எடுத்து வண்டியை ஓட்டும் டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் அவருடைய நிறுவனத்தில் செய்யப்பட்டது. அந்தக் கரிவாயுவில் பாதிக்குமேல் எரியாத நைட்ரஜன். வண்டியின் திறன் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். சிலிண்டருக்குள் எரியக்கூடியது எவ்வளவு போகிறது என்பதே திறனைத் தீர்மானிக்கிறது என்ற பாடத்தை அன்றைய ஓட்டுநர்கள் ஒவ்வொரு மேட்டிலும் படித்திருப்பார்கள். ஐயங்கார் வழிவந்த டி.வி.எஸ். குழுமத்திலிருந்து 1982-இல் டர்போ எனர்ஜி என்ற நிறுவனம் ஜெர்மானியக் கூட்டோடு பிறந்தது. அது செய்தது டர்போசார்ஜர்.

டர்போவின் அடிப்படைக் கருத்து சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூஷி 1905-இல் காப்புரிமை பெற்றது. டீசலில் இருக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியே சூடான புகையாகப் போகிறது. அந்தப் புகை போகிற வழியில் ஒரு விசிறிச் சக்கரத்தை வைத்தால் அது சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை வைத்தால் அது வெளிக்காற்றை அள்ளி இன்ஜினுக்குள் அழுத்தும். 1920-களில் ஜெர்மனியின் இரண்டு பயணிகள் கப்பல்களில் இதைப் பொருத்தியபோது 1,750 குதிரைத்திறன் தந்த இன்ஜின்கள் 2,500 தந்தன. 1938-இல் சுவிட்சர்லாந்தின் சாவ்ரர் நிறுவனம் லாரிக்குக் கொண்டுவந்தது. நம் பக்கத்தில் லாரிகளில் பரவுவதற்கு முன்பே தண்டவாளத்தில் டர்போ இருந்தது. செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் பாதை 2010-இல் மூடப்படும்வரை அந்த மலைப்பாதையில் ஏறிய ஒய்.டி.எம்.-4 ரயில் இன்ஜின் டர்போ பொருத்திய ஆறு சிலிண்டர் டீசல்தான்; 1,400 குதிரைத்திறன்.

டர்போவின் காற்றுச் சக்கரம் கைக்குள் அடங்கும். 60 மி.மீ. விட்டச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுச் சுழலும்போது அதன் விளிம்பு நொடிக்கு 314 மீட்டர் நகர்கிறது. ஒலியின் வேகத்தைக் கிட்டத்தட்டத் தொட்டுவிடுகிறது. இவ்வளவு வேகத்தில் சாதாரண பால் பேரிங் நிலைக்காது. அதனால் பெரும்பாலான லாரி டர்போக்களில் தண்டு எண்ணெய்ப் படலத்திலேயே மிதக்கிறது.

காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிள் பம்பின் முனை சுடுவது எல்லாருக்கும் தெரியும். 35 டிகிரிக் காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், அதன் செயல்திறன் 70 விழுக்காடு என்று கொண்டு கணக்கிட, காற்று 130 டிகிரிக்குச் சூடாகியிருக்கும். சூடான காற்று விரியும். எனவே அழுத்தம் இரண்டு மடங்கானாலும் அடர்த்தி ஒன்றரை மடங்குதான். அந்தக் காற்றை ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் இன்டர்கூலரில் விட்டு 60 டிகிரிக்குக் குளிர்வித்தால் அடர்த்தி 1.85 மடங்காகிறது. நம் கணக்கிலிருந்த 6.6 கிலோ காற்று இப்போது 12 கிலோ. 330 கிராம் டீசல் எரிந்த இடத்தில் 600 கிராம் எரியலாம், புகை இல்லாமல். 120 குதிரைத்திறன் 200-ஐத் தாண்டும். இன்ஜினின் உருவம் ஓர் அங்குலம்கூடப் பெரிதாகவில்லை. மனிதர் செய்த கருவிகளில், வீணாவதை இவ்வளவு அழகாகப் பிடித்துப் பயனாக்குகிற இன்னொன்றைச் சொல்வது கடினம்.

பெல்ட்டாலோ பல்சக்கரத்தாலோ கிராங்க்கிலிருந்து ஓடும் சூப்பர்சார்ஜருக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. டர்போ சுழலப் புகை வேண்டும். புகை வர டீசல் எரிய வேண்டும். அதனால் ஆக்சிலேட்டரை மிதித்த பிறகு ஒரு சுணக்கம் இருக்கும். சூப்பர்சார்ஜர் மிதித்த கணமே ஊதும். விலை என்னவென்றால் அதை ஓட்டும் திறனை இன்ஜினே கொடுக்க வேண்டும். நம் கணக்கின் 12 கிலோ காற்றை ரூட்ஸ் வகை ஊதுகருவியால் இரட்டை அழுத்தத்துக்குத் தள்ள 30 குதிரைத்திறனுக்கு மேல் செலவாகும். சில நொடிகளில் முடிகிற பந்தயத்துக்கு அது பொருட்டில்லை. நாளெல்லாம் டீசல் கணக்குப் பார்த்து ஓடுகிற லாரிக்கு அது கட்டாது. லாரிப் பந்தயத்திலேகூட டர்போதான் வென்றது. கிரேட்டர் நொய்டாவின் புத் பந்தயத் தடத்தில் டாடா மோட்டார்ஸ் 2014-இல் தொடங்கிய பிரைமா லாரிப் பந்தயத்தில் முதலில் ஓடியவை 370 குதிரைத்திறன் வண்டிகள். 2017-இல் ஆயிரத்தைத் தாண்டிய வண்டி வந்தது. இரண்டும் டர்போ வைத்த கம்மின்ஸ் இன்ஜின்கள்.

"அப்படியானால் என் பழைய இன்ஜினில் ஒரு டர்போவை மாட்டினால் போதுமே" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. டர்போவுக்கென்று பிறந்த பிஸ்டன் வேறு. அலுமினியம் சூட்டில் இளகும். மேல் ரிங் ஓடும் பள்ளம் சீக்கிரம் அகன்றுவிடும். அதனால் அந்த இடத்தில் நிக்கல் கூடுதலாகக் கலந்த வார்ப்பிரும்பு வளையத்தைப் பிஸ்டனோடு சேர்த்து வார்க்கிறார்கள். சாதாரண வார்ப்பிரும்பை வைத்தால் சூட்டில் அது அலுமினியம் அளவுக்கு விரியாது, பிரிந்துவிடும். நிக்கல் கலந்தது ஏறத்தாழ அலுமினியத்தோடு சேர்ந்து விரியும். பிஸ்டனின் அடிவயிற்றில் எண்ணெயைப் பீய்ச்சும் சிறு குழாய்களும் வேண்டும். அவை இல்லாவிட்டால் பிஸ்டன் தலை உருகும். அமுக்க விகிதத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும், கேஸ்கெட் மாற வேண்டும், ரேடியேட்டர் பெரிதாக வேண்டும், ஆயில் பம்பு கூடுதலாகத் தள்ள வேண்டும். கிளட்சும் கியர்பாக்ஸும் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும். கம்பெனியே டர்போவோடு வெளியிட்ட அதே குடும்ப இன்ஜினின் பாகங்களை முழுத் தொகுப்பாக எடுத்துப் போடுவது ஒன்றே நம்பத்தக்க வழி. சட்டமும் குறுக்கே நிற்கிறது: மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தத் தடை விதிக்கிறது, உச்ச நீதிமன்றமும் 2019 சனவரியில் அதை உறுதி செய்தது. சாலையில் ஓடும் லாரியில் சொந்தமாக ஊதுகருவி ஏற்றுவதற்கு இங்கே இடமில்லை. அது சரியென்றே நினைக்கிறேன். பிரேக் பழைய திறனுக்கு ஏற்றதாக இருக்கும்போது இன்ஜினை மட்டும் இரட்டிப்பாக்கிவிட்டு மலையிறங்குவது தன் உயிரோடும் எதிரே வருகிறவர் உயிரோடும் விளையாடுவது.

இன்று நாம் பார்க்கும் லாரிகள் பெரும்பாலும் டர்போவோடுதான் வருகின்றன. 2017 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த பி.எஸ்.4, 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 மாசு விதிகளை டர்போ இல்லாமல் கனரக டீசல் தாண்ட வழியில்லை. ஆகவே பட்டறையின் கேள்வி இப்போது மாறிவிட்டது. டர்போவை ஏற்றுவது எப்படி என்பதைவிட, இருப்பதைக் கெடுக்காமல் இன்ஜினை மறுபடி கட்டுவது எப்படி என்பதே பெரிது.

கெடுப்பவை இரண்டு, இரண்டும் நம் ஊர் வழக்கத்தில் ஊறியவை. முதலாவது புழுதி. இராதாபுரம் பக்கக் கல்குவாரிகள், திசையன்விளைத் தேரிமணல், ஏற்றிறக்கும் களங்கள் என்று எங்கும் நுண்தூசி. பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயின் கிளிப் கொஞ்சம் தளர்ந்தால் போதும். பில்டரைத் தாண்டாமல் தூசி நேரே உள்ளே போய், முதலில் டர்போவின் அலுமினியச் சிறகுகளைத் தின்று, பிறகு ரிங்கையும் லைனரையும் அரைக்கும். லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய இன்ஜினை மலிவான ஒரு கிளிப் சில மாதத்தில் முடித்துவிடும். இரண்டாவது டீக்கடை. பாரத்தோடு ஏறி வந்த வண்டியை ஓரங்கட்டியதும் ஓட்டுநர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்குகிறார். அந்தக் கணத்தில் டர்போவின் புகைப்பக்கம் 500 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கிறது. தண்டு இன்னும் சுழல்கிறது. எண்ணெய் வரத்தோ நின்றுவிட்டது. தேங்கிய எண்ணெய் வெந்து கரியாகி வழியை அடைக்கும். இரண்டு, மூன்று நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைத்தால் இது நேராது. காலையில் ஸ்டார்ட் எடுத்ததும் உறுமவிடாமல் அரை நிமிடம் பொறுத்தால் எண்ணெய் தண்டுவரை போய்ச் சேரும்.

பேட்டை அரசு ஐ.டி.ஐ.யும், 1981 முதல் நடக்கும் நெல்லை அரசு பொறியியல் கல்லூரியும், தாமிரபரணிக் கரையின் பட்டறைக்காரர்களும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளத் தொடங்கினால் நல்லது. காந்தத்தூள் சோதனைக் கருவியும் நல்ல போர் கேஜும் ஒரு பொது இடத்தில் வாடகைக்குக் கிடைத்தால் சின்னப் பட்டறைகூடப் பெரிய வேலை செய்துவிடும். லாரி உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை இன்ஜினை இறக்கும்போது பில்லோடு ஓர் அளவுச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். ஆறு சிலிண்டரின் விட்டம் மூன்று மட்டத்தில், கிராங்க்கின் ஒவ்வொரு உருளையின் அளவு, ரிங் இடைவெளி, பேரிங் இடைவெளி, விரிசல் சோதனை செய்த தேதி இவ்வளவும் அதில் இருக்கட்டும். எழுதிக் கொடுக்கத் தயங்குகிற பட்டறையில் இன்ஜினை விடாதீர்கள். பம்பைக் கூட்டி வைக்கிறேன் என்று சொன்னால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.